தகர ரயிலின் ஏழாவது பட்டன்

"உண்மையைச் சொல்லும்மா. அப்பாவுக்கு என் மேல கோவம்தானே?"

போனில் மகளின் குரல் கம்மியிருந்தது. டீச்சர் பயிற்சிக் காரில், ஓட்டுகிறவரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்த மாணவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் என்றால் கரும்பலகை டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வரும்போது பார்த்து மாணவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், அலட்டிக்கொள்ளாமல் அதை அழுத்திவிட்டு, "ம், இப்ப மறுபடி முதல்லேர்ந்து" என்பாள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும், புருஷன் உட்பட.

"கோவமா? எதுக்குடி கோவம்?"

"இவ்ளோ தூரத்துல வந்து வேலைக்குச் சேர்ந்ததுக்கு. நான் போன் பண்ணா ரெண்டே வார்த்தை. 'நல்லா இருக்கியா, சாப்பிட்டியா.' நான் பதில் சொல்றதுக்குள்ள 'இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்.' நேத்து எனக்கு ப்ரமோஷன் வந்திருக்குன்னு அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன். அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'சரி சரி, மழையில நனையாத'ன்னார்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"இந்த லீவுக்கு நான் வரலம்மா. வந்து என்ன பண்றது? அவர் மாடியில ரயில் விட்டுக்கிட்டு இருப்பார். நான் கீழ உக்காந்து சுவத்தைப் பாக்கணும். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணப் போறேன்."

"ஏய், அவசரப்படாத. இந்த வாரம் முடியற வரைக்கும் பொறுத்துக்கோ. அதுக்குள்ள உங்கப்பாவை வழிக்குக் கொண்டு வர்றேன்."

"எப்படி?"

"எத்தனை பேரை ரிவர்ஸ் எடுக்க வெச்சிருக்கேன்! உங்கப்பா எம்மாத்திரம்?"

வாய்தான் சொன்னது. மனசுக்குள் டீச்சருக்கும் கலக்கம்தான். ஒரே பெண். அவளும் அப்பாவும் ஒரு காலத்தில் எண்ணெயும் திரியுமாக இருந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நடுவில் நிற்கிறவள் என்ன செய்வாள்?

டீச்சரின் புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் பல்செட்டார். வீட்டின் முன்னறையில் அவருடைய லேப். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பல்லாக்கித் திருப்பி அனுப்புவார். காலையில் அரைக்கும் மெஷினை முடுக்கினால் சாயங்காலம் வரை அது காதருகே 'ங்கீ' என்று கத்திக்கொண்டே இருக்கும். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். வழியில் யாரையாவது பார்த்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே "எங்கே, காட்டுங்க" என்பார். அவர்களும் நடுத்தெருவில் வாயைத் திறந்து காட்டுவார்கள்.

மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கழுவினால் நேரே மாடி. அங்கே இருப்பது வேறு உலகம்.

சாவி கொடுத்து ஓட்டிய காலத்துத் தகர எஞ்சின்களைத்தான் அவர் சேர்ப்பார். தகரத்தின் மேலேயே அச்சடித்த பச்சையும் சிவப்பும், ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு, புகைபோக்கிக்குப் பித்தளை வளையம். பழைய சாமான் கடை, ஏலம், சொந்தக்காரர் வீட்டுப் பரண், எதையும் விடமாட்டார். கிடைக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அறுந்து, துருவேறி, செத்துக் கிடக்கும். துருவை வழித்தெடுத்துவிட்டு ஒரு குட்டி மோட்டார் வைப்பார். நகம் அளவுக்கு ஒரு சிப். எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டிக்குள் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு ஸ்பீக்கர். அப்புறம் கையிலிருக்கும் ரிமோட்டை அமுக்கினால் நிஜ ரயில் மாதிரி மூச்சு வாங்கும், மணி அடிக்கும், ஹாரன் கொடுக்கும். அவருக்கு ஒரே ஒரு சட்டம். வெளியே ஒரு கீறல் விழக்கூடாது. உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம். வேலையில்லாமல் போன சாவித் துவாரத்தைக்கூட அடைக்க மாட்டார்.

அறை முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு மரமேஜை. அதன் மேல் தண்டவாளம், ஸ்டேஷன், மலை. மலையெல்லாம் பல் அச்சுக்கு வாங்கி மிஞ்சிய பிளாஸ்டர். குகையின் உள்சுவர் லேபில் மிஞ்சிய ஈறு நிற ரோஸ். ரயில் அதற்குள் நுழையும்போதெல்லாம் டீச்சர் சொல்வாள்: "பாருங்க, உங்க மலை ஆ காட்டுது."

மேஜையின் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஓட்டை. அன்று சாயங்காலம் டீச்சர் மேலே போனபோது அவர் அடியில் தவழ்ந்து போய் அந்த ஓட்டைக்குள் எழுந்து நின்றிருந்தார். எதிரே, ஸ்டேஷனில், அவருடைய புதுச் செல்லம். பச்சை எஞ்சின். மூடி கழற்றி, உள்ளே வயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"பாப்பாகிட்ட ஏன் சரியா பேச மாட்டேங்கறீங்க?"

டீச்சரின் குரல் கட்டைக் குரல். எஞ்சின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்திப் பழகியது. அவர் உடனே நிமிர்ந்தார்.

"யாரு, நானா? அவதான் என்கிட்ட சரியா பேசறதில்ல."

"என்னது?"

"ஆமா. உன்கிட்ட கலகலன்னு பேசறா. நான் போனை வாங்கினா முணுமுணுன்னு வாய்க்குள்ளயே ஏதோ சொல்றா. இஷ்டமில்லாம பேசறவகிட்ட எதுக்குப் பிடிச்சு வெச்சுப் பேசணும்? அவ்ளோ தூரமான்னு நான் அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டதை மனசுல வெச்சிருக்கா. சரி, கோவம் ஆறட்டும்னு உன்கிட்ட குடுத்துடறேன்."

டீச்சர் விழித்தாள். அவள் கோபம் என்று இவர். இவர் கோபம் என்று அவள். இரண்டு வண்டியும் சிக்னலில் நின்றுகொண்டு, எதிர்ப் பக்கம்தான் சிவப்பு விளக்கு என்று சொன்னால் எப்படி?

"உன் தம்பி குடுத்த சிப்பும் உன் பொண்ணு மாதிரிதான்," என்றார் அவர் தொடர்ந்து. "எல்லாம் பேசுது, வேணுங்கறதைப் பேச மாட்டேங்குது. ரிமோட்ல ஏழாவது பட்டனை அமுக்கினா ரயில் கார்டு ஊதற விசில் வரணும். வரல. மூணாவது தடவையா திருப்பி அனுப்பியிருக்கேன்."

"விசில் இல்லாட்டி என்ன? வண்டியை ஓட்ட வேண்டியதுதானே?"

பல்செட்டார் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சீட் பெல்ட் போடாமல் ஓட்டலாமா என்று யாராவது கேட்டால் டீச்சர் இப்படித்தான் பார்ப்பாள்.

"கார்டு விசில் ஊதாம ஸ்டேஷன்லேர்ந்து வண்டி எடுக்கறதா? நல்லா இருக்கே கதை!"

ஆக, வாங்கி இத்தனை நாளாகியும் பச்சை எஞ்சின் பிளாட்பாரத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

டீச்சரின் தம்பிக்கு செல்போன் ரிப்பேர் கடை. மாமாவின் எஞ்சின்களுக்கு சிப் வரவழைத்து, சத்தங்களை ஏற்றிக் கொடுப்பது அவன்தான். மறுநாள் டீச்சர் கடை வாசலில் காரை நிறுத்தியதுமே ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, உன் புருஷன் என்னைப் பைத்தியமா அடிக்கறார். இந்தா பாரு, இதே சிப்புதான். கடையில வெச்சு டெஸ்ட் பண்ணேன். எல்லாம் நல்லா இருக்கு. ரெண்டாவது தடவை நான் மாத்தக்கூட இல்ல. இதையே வேற டப்பாவுல போட்டு அனுப்பினேன். 'இந்தப் புது சிப்பும் போச்சு மச்சான்'னு போன் பண்றார்!"

"ஏண்டா, வயசுல பெரியவரை ஏமாத்துவியா?"

"ஏமாத்தலக்கா, சோதிச்சேன். சரி, எஞ்சின்லதான் ஏதோ கோளாறுன்னு பாத்தா, அவர் வயரை மாத்திட்டார். ஸ்பீக்கரை மாத்திட்டார். தண்டவாளத்துக்குக் கரண்ட் குடுக்கற பெட்டியை மாத்திட்டார். எங்க வழக்கமே அதுதானே, ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கணும். ரெண்டைச் சேத்து மாத்தினா எதுல கோளாறுன்னு தெரியாது. இப்ப எல்லாத்தையும் மாத்தியாச்சு. இன்னும் மாத்தாதது மாமா ஒருத்தரைத்தான்."

"மாத்திக் குடேன், எனக்கும் சவுகரியம்," என்றாள் டீச்சர். இருவரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவன் நிஜமாகவே மாற்றிக் கொடுத்த சிப்பை வாங்கிக்கொண்டு வந்து புருஷன் கையில் கொடுத்துவிட்டு அதோடு மறந்தும் போனாள்.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு மாணவி வரவில்லை. டீச்சர் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே வீடு திரும்பினாள். மாடிப்படியில் பாதி ஏறியிருப்பாள். மேலேயிருந்து ஒரு விசில்.

விசில் என்றால் சாதாரண விசில் இல்லை. ஊசியை எடுத்துக் காதுக்குள் விட்ட மாதிரி. பல்லெல்லாம் கூசியது. அடுத்த வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்தப்பட்டது. மறுபடி விசில். மறுபடி.

டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கதவருகே போனாள். பல்செட்டார் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். பச்சை எஞ்சினின் நிலக்கரிப் பெட்டியைக் காதோடு ஒட்டி வைத்திருந்தார். ஒரு விரல் ஏழாவது பட்டனில். அமுக்கினார். வீடே கிழிந்தது. அவர் பெட்டியை இறக்கி, ஒரு குலுக்குக் குலுக்கி, உதட்டைப் பிதுக்கினார்.

"செத்த சிப்பு," என்றார் தனக்குத்தானே.

டீச்சர் வந்த சுவடு தெரியாமல் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்தாள். போன வாரம் கடைத்தெருவில் ஒரு வேன் பீப் பீப் என்று பின்னால் வந்தபோது இவர் பாட்டுக்கு நடுவில் நடந்தாரே, சட்டையைப் பிடித்து இழுத்தாளே. ரயில் ஞாபகம் என்று அப்போது திட்டினாள். பாப்பாவுக்கு அவளுடைய அத்தை மாதிரி கீச்சுக் குரல். போதாததற்கு மூச்சு விடாமல் பேசுவாள். அது இவர் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும்? ப்ரமோஷனுக்கு மழை வராமல் என்ன செய்யும்?

காரில் என்றால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். இங்கே எதை மிதிப்பது என்றே அவளுக்குப் புரியவில்லை.

சாப்பிடும்போது மெல்லத் தொடங்கினாள். "ஏங்க, எதுக்கும் காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"எதுக்கு?"

"அந்த விசில் எனக்குக் கேட்டுதுங்க."

பல்செட்டார் கையை உதறினார். "உனக்கு என்னைக்கு எஞ்சின் சத்தமும் ஹாரன் சத்தமும் வித்தியாசம் தெரிஞ்சுது? நீ பேசறது எனக்குக் கேக்குதா இல்லையா? மணி கேக்குது. ஹாரன் கேக்குது. காது போனா எல்லாம்ல போகணும்? அதென்ன விசிலுக்கு மட்டும் காது போறது? சிப் கோளாறை மறைக்க அக்காவும் தம்பியும் சேந்து என் காதுல பழியைப் போடறீங்க."

"சரி, சோதிச்சுப் பாத்துடலாமா? உங்க வழக்கப்படியே. என் தம்பி பட்டனை அமுக்கட்டும். நாம ரெண்டு பேரும் திரும்பி உக்காந்துக்கலாம். சத்தம் கேட்டா கையைத் தூக்கணும்."

"தாராளமா! சாட்சிக்கு ஆள் இருந்தா எனக்கும் நல்லதுதான். உன் தம்பியை வரச் சொல்லு."

விடுமுறை நாள் காலையில் பரீட்சை. ரயில் மேஜைக்கு முதுகைக் காட்டி இரண்டு நாற்காலி. எதிரே பழைய எஞ்சின்கள் வரிசையாக நிற்கும் கண்ணாடி அலமாரி. பின்னால் தம்பி ரிமோட்டோடு.

"மாமா, திரும்பிப் பாக்கக் கூடாது. அக்கா, நீ மாமாவைப் பாத்துக் காப்பி அடிக்கக் கூடாது."

"பேசாம அமுக்குடா. இவன் ஸ்கூல்ல எழுதின பரீட்சை எல்லாம் தெரியாதா எங்களுக்கு?" என்றார் பல்செட்டார் உற்சாகமாக.

எஞ்சின் மூச்சு வாங்கியது. இரண்டு கைகள் உயர்ந்தன. மணி. இரண்டு கைகள். ஹாரன். பல்செட்டாரின் கைதான் முதலில் போனது. "பாத்தியா!" என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். நிலக்கரி அள்ளிக் கொட்டும் சத்தம், அது மிகவும் மெல்லியது. அதற்கும் தூக்கினார். இறங்கும் கையாலேயே மீசையைத் தடவிக்கொண்டார். வகுப்பில் முதல் மார்க் வாங்கப் போகிற பையனின் முகம்.

டீச்சர் ஓரக்கண்ணால் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து ஏழாவது பட்டன். விசில் அவள் பிடரியில் வந்து குத்தியது. பல்செட்டார் அசையாமல், காதைத் தீட்டிக்கொண்டு, ஆவலோடு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் கையைத் தூக்கவில்லை.

கை எழத்தான் பார்த்தது. அதை மடியிலேயே இறுக்கிக்கொண்டாள். எத்தனையோ பேரை லைசென்ஸ் டெஸ்டுக்கு இன்னும் லாயக்கில்லை என்று ஈவு இரக்கமில்லாமல் திருப்பி அனுப்பியவள். இந்த ஒரு மாணவரை ஃபெயிலாக்க அவளுக்குக் கை வரவில்லை.

மறுபடி விசில். இரண்டு கையும் கீழே. மறுபடி.

"அக்கா?" தம்பியின் குரல் கலவரமாக வந்தது. "உனக்குமா?"

"எதுக்குடா நிறுத்திட்ட? அடுத்ததை அமுக்கு," என்றாள் அவள்.

"வேண்டாம், அமுக்காத," என்றார் பல்செட்டார்.

அவர் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் எஞ்சின்களுக்கு நடுவே அவளுடைய உருவமும் அவருடைய உருவமும் தெரிந்தன.

"டீச்சர், நீ ஏன் கையைத் தூக்கல?"

"கேக்கலைங்க."

"பொய் சொல்லாத. மூணு தடவை உன் தோள் தூக்கிவாரிப் போட்டுது. கண்ணாடியில பாத்தேன். மச்சான், மூணு தடவைதானே அமுக்கின?"

தம்பி ரிமோட்டை மேஜை மேல் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பல்செட்டார் எழுந்து போய்ப் பச்சை எஞ்சினைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வயரை மாத்தினேன். ஸ்பீக்கரை மாத்தினேன். சிப்பை மூணு தடவை மாத்தினேன்."

"ரெண்டு தடவைதான் மாமா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான் தம்பி.

அவர் அதைக் கவனிக்கவே இல்லை. எஞ்சினைத் தண்டவாளத்தில் பதமாக இறக்கி வைத்தார். அப்புறம் தன் காது மடலை இரண்டு விரலால் பிடித்து, புதிதாக யாரோ ஒட்டிவைத்த சாமான் மாதிரி தடவினார்.

"அப்ப... பாப்பா முணுமுணுக்கல, இல்ல?"

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்லாத்தான் பேசியிருக்கா."

"எப்பவும் போலத்தாங்க."

"நான்தான் 'இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்'னு..." அவர் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எதுக்குக் கையைத் தூக்காம இருந்த?" என்றார்.

"மனசு வரல."

"அடி அசடு. நீ கையைத் தூக்கியிருந்தாக்கூட அக்காவும் தம்பியும் பேசி வெச்சிருக்கீங்கன்னு சண்டை போட்டிருப்பேன்." அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். "போனை எடு. முகம் தெரியற மாதிரி போடு."

திரையில் மகள் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டாள். பல்செட்டார் முன்னுரை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தெருமுனை வரை கேட்கிற குரலில் கத்தினார்.

"பாப்பா! எனக்குக் காது கொஞ்சம் அவுட்! கோவம் இல்ல! உனக்கு என் மேல கோவமா?"

அவள் வாய் வேக வேகமாக அசைந்தது. அவர் திரையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கி, கடைசியில் கையை விரித்தார். "ஒண்ணும் புரியல. நீ எப்பவும் இப்படித்தான் எக்ஸ்பிரஸா?"

அவள் திரையை விட்டு மறைந்தாள். திரும்பி வரும்போது கையில் ஒரு தாள். பெரிய எழுத்தில், 'எனக்கு ப்ரமோஷன்பா' என்று எழுதியிருந்தது. அவர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"அடிப்பாவி! இதையா சொன்ன? அதுக்கா நான் மழையில நனையாதன்னேன்?"

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகத் திரும்பியது. அழுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் திரையில் அவள் கன்னம் இருந்த இடத்தைக் கட்டை விரலால் துடைத்தார். படம் நகர்ந்து போனில் வேறு ஏதோ பக்கம் திறந்துகொண்டது. "ஐயோ, பாப்பா எங்கடா போனா?" என்று அலறினார். தம்பி ஓடிவந்து மீட்டுக்கொடுத்தான்.

டிக்கெட் கேன்சல் ஆகவில்லை.

காது பரிசோதனை நிலையத்தில் இருந்த பெண், அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து வரைபடம் எடுத்தாள். தாழ்ந்த சத்தத்துக்குக் கோடு நேராக ஓடியது. உயர்ந்த சத்தத்துக்கு மலைச்சரிவு மாதிரி இறங்கியது. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். சொன்னார். "அந்த அரைக்கிற மெஷின் சத்தம்தான். வருஷக்கணக்கா காதுகிட்ட வெச்சிருக்கீங்க. கீச்சுன்னு வர்ற சத்தம் முதல்ல போகும். இனிமே காதை மூடிக்கிட்டு வேலை செய்யணும்."

பல்செட்டார் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சிப்புக்குத் தம்பி கம்ப்யூட்டரில் இப்படி ஒரு கோட்டைத்தான் ஏற்றி இறக்குவான்.

"இந்தக் காது மெஷின்ல சத்தத்தைத் தனித்தனியா ஏத்தலாமா? கீச்சு சத்தத்தை மட்டும்?"

"ஏத்தலாம். அதுக்குத்தான் உள்ள சிப் இருக்கு."

"எத்தனை புரோகிராம் போடலாம்? வெளியிலேர்ந்தே மாத்தலாமா? பேட்டரி எந்த அளவு?"

அந்தப் பெண் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கூரையைப் பார்த்தாள். தம்பி அவர் தோளில் கையைப் போட்டு, "உங்க சட்டம்தான் மாமா. பாடி பழசு, உள்ள புதுசு," என்றான்.

"பாடியில கீறல் விழக்கூடாதுடா," என்றார் அவர்.

காதுக்குள் பொருந்தும் அச்சு செய்து வந்ததும்தான் வம்பு ஆரம்பமானது. அவர் அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதுல காத்துக் குமிழ் இருக்கு. ஓரம் வழவழப்பா இல்ல. என்கிட்ட இப்படி ஒரு பல்லு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

"சார், இது காது."

"பல்லுக்கே சரியா பண்றோம், காதுக்கு என்னம்மா? காது என்ன கடிக்கவா போகுது?"

தானே செய்தார். லேபில், தன் காது அச்சை வைத்து, தேய்த்து, மெருகேற்றி, மறுநாள் எடுத்துவந்து அந்தப் பெண்ணிடமே பொருத்தக் கொடுத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரே ஒரு குறை, கைவசம் இருந்த பொருளில் செய்ததால் நல்ல ஈறு நிறம். "காதுல பல் முளைக்கப் போகுதுன்னு நினைப்பாங்க," என்றாள் டீச்சர். "முளைச்சா நமக்குத்தானே தொழில்," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் மாடிக்கு ஓடினார். தம்பியும் டீச்சரும் பின்னால். பச்சை எஞ்சின் பிளாட்பாரத்தில் தயாராக நின்றது. சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, ஏழாவது பட்டனை அமுக்கினார்.

விசில் ஊதியது.

பல்செட்டாரின் முகம் கோணியது. "இதுவா?"

"இதேதான் மாமா."

"சகிக்கலையேடா! சட்டியைச் சுரண்டற மாதிரி இருக்கு. இதையா இத்தனை நாளா கேட்டீங்க?" என்று டீச்சரைப் பார்த்தார். பிறகு மச்சானிடம் ரகசியம் போலச் சொன்னார். "இதை எடுத்துட்டு வேற விசில் போட்டுக் குடேன்."

"மாமா, இன்னொரு தடவை அந்த மூடியைக் கழட்டினீங்கன்னா நான் கடையை மூடிட்டு ஊரை விட்டே போயிடுவேன்."

ஆனால் விசில் ஊதியாகிவிட்டது. இனி வண்டியை நிறுத்தி வைப்பது முறையில்லை. பச்சை எஞ்சின் ஒருமுறை பெருமூச்சு விட்டு, முதன்முதலாகப் பிளாட்பாரத்தை விட்டு நகர்ந்தது. வளைவில் திரும்பியது, ரோஸ் குகைக்குள் போய் மறுபக்கம் வந்தது. மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள்.

அதற்கப்புறம் சில நாட்கள் வீட்டில் அவரோடு குடித்தனம் செய்வது கஷ்டமாகிவிட்டது. மின்விசிறி கிறீச்சிடுகிறது, குழாய் சொட்டுகிறது, நாற்காலிக் கால் இழுபடுகிறது என்று எண்ணெய்க் குப்பியும் கையுமாக அலைந்தார். "நீ நடந்தா உன் முட்டியில டக்குன்னு ஒரு சத்தம் வருது டீச்சர்," என்று ஒருநாள் சொன்னார். அன்று அவருக்கு டீ கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

லீவு தொடங்கிய நாள். மகளின் ரயில் சாயங்காலம்தான் வரும், ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவரலாம் என்று டீச்சர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் வந்த பல்செட்டார் சட்டென்று நின்றார். தலையைச் சாய்த்தார்.

"தெருமுனையில யாரோ சண்டை போடறாங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"கீச்சுக் குரல். மூச்சு விடாம." அவர் முகம் மலர்ந்தது. "டீச்சர், நம்ம பொண்ணு!"

செருப்புப் போடாமலே நடந்தார். டீச்சர் துணியை வீசிவிட்டுப் பின்னால் ஓடினாள். தெருமுனையில் ஒரு வாடகைக் கார். பக்கத்தில் பெட்டியும் பையுமாக மகள். முந்தின ரயிலைப் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருக்கிறாள். தெருவுக்குள் காரைத் திருப்ப முடியாது என்கிறார் டிரைவர். இவளோ டிரைவிங் டீச்சர் வயிற்றில் பிறந்தவள்.

"ஏன் திருப்ப முடியாது? அந்தக் கம்பத்துகிட்ட ஒடிச்சு, பின்னால எடுத்து, நேரா விட்டா தாராளமா திரும்பும். எங்கம்மா தினமும் திருப்பறாங்க. வழியும் தப்பா வந்துட்டு, பெட்டியையும் சேத்துல வெச்சுட்டு... அப்பா! நீங்களே கேளுங்கப்பா இந்த நியாயத்தை!"

பல்செட்டார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு வார்த்தையாக.

"சார், நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க," என்றார் டிரைவர் பரிதாபமாக.

"இருங்க தம்பி, அவ இன்னும் முடிக்கல," என்றார் பல்செட்டார். "நீ சொல்லும்மா. வழியைத் தப்பா வந்தார்னியே, எந்த இடத்துல தப்பா திரும்பினார்? விவரமா சொல்லு."

மகள் அவரைப் பார்த்தாள். காதில் இருந்த ரோஸ் துண்டைப் பார்த்தாள். கோபத்தில் சிவந்திருந்த முகத்தில் சிரிப்பு பரவியது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். ஸ்டேஷன் வாசலில் கார் ஏறியதிலிருந்து தொடங்கினாள்.

இது இப்போதைக்கு முடிகிற கதையில்லை என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது. அவள் டிரைவரிடம் சாவியைக் கேட்டு வாங்கி, காரில் உட்கார்ந்து, கம்பத்துப் பக்கம் ஒடித்து, அவருடைய வண்டியைத் தானே திருப்பிக் கொடுத்தாள்.